எடை போடாமல் விற்கும் சரக்கு



இந்த இதழில் நான் வழக்கமாக எழுதுவது உப்பு விலை, லாரி வாடகை, வரி, வாராக்கடன் இவற்றைப் பற்றித்தான். இந்த முறை மெத்தையைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னவுடன் சங்க அலுவலகத்தில் ஒரு நண்பர் சிரித்துவிட்டார். "மளிகைக்காரருக்கும் மெத்தைக்கும் என்ன சம்பந்தம் அண்ணே?" என்றார். சம்பந்தம் இருக்கிறது. விடியற்காலை கடையைத் திறந்து இரவு பத்து மணிக்குக் கல்லாவைப் பூட்டுகிற நமக்கு மிச்சமாகக் கிடைப்பது ஆறு மணி நேரப் படுக்கை. அந்தப் படுக்கையை நாம் எப்படி வாங்குகிறோம், நம் சங்கத்திலேயே இருக்கும் மெத்தைக் கடை நண்பர்கள் அதை எப்படி விற்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு குறை உண்டு. அந்தக் குறையில் பாதி என் தவறு. ஆகவே என் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்ததை மரக்காணத்துக்காரர் யாரும் மறக்க மாட்டார்கள். உப்பளங்கள் எல்லாம் ஒரே ஏரியாக நின்றன. என் கிடங்கில் அடி வரிசை மூட்டைகள் கரைந்து போயின. வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு தண்ணீர். எங்களுடையது தாழ்வான பழைய கட்டில். அதன் மேலிருந்த இலவம் பஞ்சு மெத்தை கீழ்ப்பக்கம் முழுவதும் ஊறிவிட்டது. இலவம் பஞ்சு லேசில் தண்ணீர் குடிக்காது. இயற்கையிலேயே மெழுகுப் பூச்சு உள்ள இழை அது. ஆனாலும் இரண்டு நாள் சேற்றுத் தண்ணீரில் கிடந்தால் எந்தப் பஞ்சு தாங்கும்? கட்டி கட்டியாகிப் பூசணம் பிடித்துவிட்டது. என் மூத்த மகள் பிறந்த வருடம் தைத்த மெத்தை. போடிநாயக்கனூர்ப் பஞ்சு என்று சொல்லித் தைத்துக் கொடுத்தார்கள். நடுவில் எத்தனையோ முறை பிரித்து, வெயிலில் உலர்த்தி, பஞ்சை உதறிப் புதுத்துணியில் தைத்திருக்கிறோம். மனமில்லாமல்தான் தூக்கிப் போட்டோம்.

பொங்கலுக்கு முன் புது மெத்தை வாங்கப் போனோம். பக்கத்து நகரத்தில் பெரிய கடை. பெயர் வேண்டாம், கடை முதலாளி நல்ல மனிதர், என்மேல் மரியாதை உள்ளவர். நான் ஒரு மெத்தையில் உட்கார்ந்து பார்த்தேன். உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்தும் பார்த்தேன். "நல்ல கெட்டி ஐயா. ஆர்த்தோ மெத்தை. முதுகுக்கு இதுதான் நல்லது" என்றார் கடைச் சிப்பந்தி. எனக்கும் சுகமாகத்தான் இருந்தது. பதினாலாயிரத்து ஐந்நூறு சொன்னதைப் பேசிப் பதிமூன்றாயிரத்துக்கு முடித்தேன். அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை வேறு. என் வீட்டு அம்மாள் இவ்வளவு நேரமும் பையைப் பிடித்தபடி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். "உனக்கு எப்படி இருக்கிறது, படுத்துப் பார்" என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நாலு ஆண்கள் நிற்கிற கடையில் அவர் படுத்துப் பார்த்திருக்க மாட்டார்.

என் எடை 84 கிலோ. அவர் எடை 43 கிலோ. நான் மல்லாந்து தூங்குகிறவன். அவர் கல்யாணமான நாள் முதல் நான் பார்த்தவரை ஒருக்களித்துத்தான் படுப்பார். இடது தோளிலும் இடுப்பு எலும்பின் ஓரத்திலும் அவருக்கு நாலைந்து வருடமாக வலி உண்டு. ஒரு மூட்டைப் பருப்பு வாங்கினால் தராசு முள்ளைக் குனிந்து பார்க்கிற நான், இந்த விவரங்களில் ஒன்றைக்கூட அந்தக் கடையில் சொல்லவில்லை. அவர்களும் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

மாசி மாதம் முதலே அவர் இரவில் எழுந்து உட்காருவதைக் கவனித்தேன். கை மரத்துப் போகிறது என்பார். தைலம் தேய்த்துக்கொள்வார். வயதாகிறது, நமக்கும்தான் முழங்கால் வலிக்கிறது என்று விட்டுவிட்டேன். சித்திரையில் ஒரு நாள் வீட்டில் வேலை செய்யும் பெண் வரவில்லை என்று படுக்கை விரிப்பை நான் மாற்றப் போனேன். அவர் படுக்கும் பக்கத்தில் விரிப்புக்கு அடியில் மடித்து மடித்து வைத்த ஒரு பழைய பஞ்சுப் போர்வை, அதன்மேல் நான்கு வாயில் புடவைகள். என் பக்கத்தில் ஒன்றும் இல்லை. என்ன இது என்று கேட்டேன்.

"மெத்தை எனக்குக் கட்டாந்தரை மாதிரி இருக்குங்க. நீங்க காசு போட்டு வாங்கினது. நல்லா இருக்குன்னு வர்றவங்க போறவங்க கிட்டேயெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கீங்க. நான் எப்படிங்க குறை சொல்றது?"

மூன்று மாதத்துக்கு மேல் அவர் சரியாகத் தூங்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்த எனக்கு அது தெரியவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படிக்கும் நண்பர்களில் பாதிப் பேர் வீட்டில் இதே கதை இருக்கும் என்று எனக்குத் தோன்றுவதால் எழுதுகிறேன்.

என் தங்கை மகன் பிசியோதெரபி படித்தவன். அந்த வாரம் வீட்டுக்கு வந்தபோது கேட்டேன். "மெத்தை மேல தப்பு இல்லை மாமா. உங்களுக்கு அளவெடுத்த சட்டையை அத்தைக்குப் போட்டுவிட்டிருக்கீங்க" என்றான். பிறகு அவன் விளக்கியதை நமக்குப் பழக்கமான கிடங்குக் கணக்கிலேயே சொல்கிறேன்.

ஈரம் ஏறாமலிருக்க மூட்டைக்கு அடியில் மரச்சட்டம் போடுகிறோம் அல்லவா? சட்டங்களுக்கு நடுவே இடைவெளி அதிகமாக இருந்தால் என்ன ஆகிறது? சட்டத்தின்மேல் பட்ட இடத்தில் மட்டும் சாக்கு நைந்து போகும், நடுப்பகுதி தொங்கும். சட்டத்தின்மேல் பழைய சாக்கைப் பரப்பினால் மூட்டை முழுவதும் சமமாக உட்காரும். ஒருக்களித்துப் படுக்கிற மனிதரும் அப்படித்தான். மல்லாந்து படுத்தால் உடம்பின் பாரம் முதுகு முழுவதும் பரவுகிறது. ஒருக்களித்தால் பெரும்பாரம் தோளிலும் இடுப்பு எலும்பிலும் வந்து நிற்கிறது. மெத்தை அந்த இரண்டு இடத்திலும் கொஞ்சம் உள்வாங்கிக் கொடுக்க வேண்டும். நடுவில் இடை குழிகிற இடத்தில் மேலெழுந்து தாங்க வேண்டும். கெட்டி மெத்தை இரண்டையும் செய்வதில்லை. எலும்பு நசுங்குகிறது, இடை அந்தரத்தில் தொங்குகிறது. இரவு முழுவதும் அந்தத் தசைகளுக்கு ஓய்வே இல்லை. அடியில் மாட்டிய கை மரத்துப் போகிறது.

இனி எடைக்கு வருகிறேன். முக்கியமான விஷயம் இதுதான். நாம் யாரும் யோசிக்காததும் இதுதான். ஒரே மெத்தை ஆளுக்கு ஆள் வேறு. 84 கிலோ ஆள் படுத்தால் மேலடுக்கு நன்றாக அமுங்கி அவருக்கு மெத்தென்று இருக்கும். அதே மெத்தையில் 43 கிலோ ஆள் படுத்தால் மேலடுக்கு அசையவே அசையாது; அவருக்கு அது பலகை. கடைக்காரர் "மீடியம்" என்று சொல்லும் மெத்தை ஒல்லியானவருக்குக் கெட்டி. கடைக்காரர் "சாஃப்ட்" என்று சொல்வதுதான் பெரும்பாலும் அவருக்கு மீடியம். சதைப்பிடிப்பு இல்லாதவர்களுக்கு எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே இயற்கையான பஞ்சும் கிடையாது. ஆகவே பருமனான கணவர் படுத்துப் பார்த்து ஒல்லியான மனைவிக்கு மெத்தை வாங்குவது, நமக்கு வேண்டிய உப்பைப் பக்கத்து வீட்டுக்காரர் நாக்கில் போட்டுப் பார்ப்பது போலத்தான்.

கெட்டிப் படுக்கைதான் முதுகுக்கு நல்லது என்று நாம் சிறு வயது முதல் கேட்டு வந்திருக்கிறோம். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கெட்டி மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்து 90 நாள் படுக்க வைத்தார்கள். எது எந்த மெத்தை என்று படுத்தவர்களுக்குச் சொல்லவில்லை. முடிவு 2003இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. படுக்கையில் வலி, எழுந்திருக்கும்போது வலி, அன்றாட வேலைச் சிரமம் எல்லாவற்றிலும் நடுத்தர மெத்தைக்காரர்களுக்கே குணம் அதிகம். தோளும் இடுப்பெலும்பும் வலிக்கிற ஒல்லியான ஆளைத் தனியாகப் பார்த்த சோதனை அல்ல அது. ஆனாலும் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது என்ற பேச்சு அடிமுதுகு வலிக்கே நிற்கவில்லை என்பது தெரிகிறது. அப்படியிருக்க, நம் கடைகளில் "ஆர்த்தோ" என்று எழுதிவிட்டால் பேச்சு முடிந்தது. அந்தச் சொல்லுக்கு நம் ஊர் வியாபாரத்தில் "கெட்டி" என்பதற்கு மேல் ஒரு பொருளும் இல்லை. பல ஆர்த்தோ மெத்தைகளின் உள்ளே இருப்பது துண்டு ஃபோம்களை ஒட்டி அழுத்திச் செய்த ரீபாண்டட் பலகைதான். அடிப்பலகைக்கு அது நல்ல சரக்கு. ஒருக்களித்துப் படுக்கும் ஒல்லி உடம்புக்கு நேராக அதன்மேல் இடமில்லை.

சரக்கு ரகங்களைப் பற்றி நான் விசாரித்ததையும் சொல்கிறேன். தேங்காய் நாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்திச் செய்வது காயர் மெத்தை. காற்றோட்டம் உண்டு, நம் புழுக்கத்துக்கு ஏற்றது, ஆனால் கெட்டி. ஃபோம் மெத்தையில் 32, 40 என்று ஒரு எண் சொல்வார்கள். அது கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்கிற கணக்கு. எவ்வளவு நாள் உழைக்கும் என்பதை அது ஓரளவு சொல்லும். மென்மையா கெட்டியா என்பதைச் சொல்லாது. 40 எண்ணில் மென்மையான ஃபோமும் உண்டு, கெட்டி ஃபோமும் உண்டு. இதை இரண்டு மெத்தைக் கடையில் நானே சோதித்துக் கேட்டேன். இரண்டு இடத்திலும் "நம்பர் அதிகமானால் கெட்டி அதிகம்" என்றுதான் பதில் வந்தது. சரக்கைத் தெரியாமல் விற்பது நமக்கு அழகல்ல.

மெமரி ஃபோம் என்று ஒன்று. 1966 வாக்கில் அமெரிக்காவின் நாசாவுக்காக விமான இருக்கைக்கென்று உருவாக்கியது. உடம்புச் சூட்டில் இளகி எலும்புக்கு இடம் கொடுக்கும், அது உண்மை. ஆனால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் நம் கடலோரத்து வேர்வையில் அதன்மேல் படுத்தால் விடிய விடிய விசிறிக்கொள்ள வேண்டியதுதான். ஸ்பிரிங் மெத்தை வெளியூரில் சரி. கடை ஷட்டரும் பூட்டும் இரண்டு வருடத்தில் துருப்பிடிக்கிற உப்புக் காற்று ஊரில் மெத்தைக்குள் இருக்கும் கம்பியை நம்ப எனக்கு மனம் வரவில்லை. லேடெக்ஸ் என்பது ரப்பர் பாலில் செய்வது. அமுங்கும், உடனே எழும்பும், மெமரி ஃபோம் அளவுக்குச் சூடு இல்லை. விலைதான் அதிகம். செயற்கை ரப்பர் கலந்ததும் உண்டு என்பதால் முழுதும் இயற்கையானது என்று சொன்னால் பில்லில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். விலை மலிவான தளர்ந்த ஃபோம் வாங்கிவிடலாம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். ஆறு மாதத்தில் நடுவில் குழி விழுந்து, இடுப்பு தூளியில் தொங்குவது போல் தொங்கும். அதிலும் வலிதான்.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம்? வேறு புது மெத்தை வாங்கவில்லை. என் வீட்டு அம்மாள் போர்வையையும் புடவையையும் மடித்துப் போட்டுத் தானாகவே கண்டுபிடித்த வைத்தியம்தான் சரியான வைத்தியம் என்று தங்கை மகன் சொல்லிவிட்டான். அடியில் உறுதி, மேலே மென்மை. புடவைகளுக்குப் பதிலாக இரண்டு அங்குல லேடெக்ஸ் விரிப்பு ஒன்று, அவர் பக்கத்துக்கு மட்டும், ஆறடிக்கு மூன்றடி அளவில் வாங்கிப் போட்டோம். கட்டிலின் நடுவே உப்புப் பாத்திக்கு வரப்பு கட்டியது போல் இரண்டு அங்குல மேடு. பேரப்பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. என் பக்கம் பழைய கெட்டி மெத்தைதான். எனக்கு ஒரு குறையும் இல்லை.

தலையணையையும் மாற்றினோம். ஒருக்களித்துப் படுக்கிறவருக்குத் தோளுக்கும் காதுக்கும் நடுவே உள்ள உயரத்தைத் தலையணை நிரப்ப வேண்டும். தட்டையாகப் போன தலையணையில் கழுத்து ஒடிகிறது. அந்தத் தோள்வலியில் கொஞ்சம் இதனாலும் வந்தது. இரண்டு முழங்காலுக்கு நடுவில் ஒரு சிறு தலையணை வைத்தவுடன் இடுப்பு இழுபடுவது குறைந்தது. வலிக்கிற பக்கம் அடியில் வராமல் வலது பக்கம் திரும்பிப் படுக்கப் பழகிக்கொண்டார். இதற்கெல்லாம் காசு செலவில்லை. வீட்டில் கிடக்கும் தலையணைகளே போதும்.

மெத்தை மருந்தல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவரைப் புதுச்சேரியில் எலும்பு மருத்துவரிடம் காட்டினோம். எலும்பின் வலு குறைந்திருக்கிறது என்று சோதனையில் தெரிந்து அதற்குத் தனியாக மருந்து சாப்பிடுகிறார். ஒல்லியான உடம்பும் வயதும் சேர்ந்த பெண்களுக்கு இது அதிகம் வருமாம். எப்படித் திரும்பிப் படுத்தாலும் இரவில் விடாமல் வலிப்பது, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, காய்ச்சலோடு வலி, காலில் உணர்ச்சி குறைவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, இப்படி எதுவும் இருந்தால் மெத்தைக் கடைக்குப் போகாமல் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். எங்கள் வீட்டில் வலி முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இரவில் எழுந்து உட்காருவது நின்றிருக்கிறது.

வசதி உள்ளவன் பேச்சு என்று யாரும் நினைக்கக்கூடாது. என் கிடங்கில் சாக்கு தைக்க வரும் ஒரு அம்மா, ஐம்பது வயதைத் தாண்டியவர். அதற்கு முன் பல வருடம் உப்பளத்தில் தலைச்சுமை தூக்கியவர். எடை நாற்பது கிலோ இருந்தால் அதிகம். சிமெண்டுத் தரையில் பிளாஸ்டிக் பாய் விரித்து ஒருக்களித்துப் படுக்கிறார். இடுப்பெலும்பின்மேல் தோல் கருத்துக் காய்ப்பு ஏறியிருக்கிறது என்று என் வீட்டு அம்மாளிடம் சொல்லியிருக்கிறார். மழை மாதங்களில் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த நாட்களுக்கென அரசு அண்மை ஆண்டுகளில் தரத் தொடங்கிய நிவாரணம் 5000 ரூபாய். அவர் போன்றவரிடம் லேடெக்ஸ் பற்றிப் பேச முடியுமா? என் வீட்டு அம்மாள்தான் வழி சொன்னார். பழைய பருத்திப் புடவைகளை எட்டு பத்து மடிப்பாக அடுக்கி இலவம் பஞ்சை நடுவில் வைத்துத் தைத்து, பாய்க்கு மேல் போட ஒரு மெத்து விரிப்பு. சாக்குத் தைக்கிற கைக்கு அது பெரிய வேலையா? ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தைத்துவிட்டார். பஞ்சுக்கு மட்டும்தான் செலவு. வாரம் ஒருமுறை வெயிலில் போட வேண்டும். இல்லாவிட்டால் நம் ஊர் ஈரக்காற்றில் பஞ்சு அமுங்கிப்போகும். "ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்றது இல்லீங்க முதலாளி" என்று ஒரு நாள் அவரே சொன்னார்.

இப்போது மெத்தை வியாபார நண்பர்களுக்கு வருகிறேன். கோபிக்காமல் படிக்க வேண்டும்.

அரிசி வாங்க வருகிற புது வாடிக்கையாளருக்கு நாம் என்ன செய்கிறோம்? ஒரு படி அரிசியைக் கொடுத்து, "வடித்துப் பார்த்துவிட்டு மூட்டை எடுங்கள்" என்கிறோம். புடவைக் கடையில் பிரித்துக் காட்டிய புடவை மலைபோல் குவியும். அவர்கள் முகம் சுளிப்பதில்லை. பத்து வருடம் உபயோகிக்கிற, பதினைந்தாயிரம் ரூபாய்ச் சரக்கான மெத்தையை மட்டும் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் கையால் அழுத்திப் பார்த்து வாங்கச் சொல்கிறோம். உறையோடு படுத்தால் கெட்டியா மென்மையா என்று எப்படித் தெரியும்? மல்லாந்து இரண்டு நிமிடம் படுத்தால் எல்லா மெத்தையும் நல்ல மெத்தைதான். படுக்கப் போகிறவரே, தான் வழக்கமாகத் தூங்கும் வாக்கில், பத்துப் பதினைந்து நிமிடமாவது படுக்க வேண்டும். கூட வந்தவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும்: கழுத்து முதல் இடுப்பு வரை முதுகெலும்பு நேர்க்கோடாக இருக்கிறதா? இடைக்கும் மெத்தைக்கும் நடுவே கை தாராளமாக நுழைந்தால் அது அவருக்குக் கெட்டி. இடுப்பு பள்ளத்தில் விழுந்திருந்தால் தளர்ச்சி. இதைச் சொல்லித்தர ஒரு சிப்பந்தி போதும்.

பெண்கள் படுத்துப் பார்க்க மாட்டார்களே என்பீர்கள். உண்மைதான். அதற்கு ஒரு துணித்திரையும், விற்பனைக்கு ஒரு பெண் ஊழியரும் போதாதா? துணிக்கடைக்காரர்கள் உடை மாற்றிப் பார்க்க அறை கட்டி எத்தனை காலம் ஆகிறது! மெத்தைக் கடையில் ஒரு மூலையைத் திரைபோட்டு மறைத்துக் கொடுக்க என்ன செலவு? என் வீட்டு அம்மாள் போல ஓரமாகப் பை பிடித்து நிற்கிறவர்கள் எத்தனை பேர் உங்கள் கடைக்கு வந்து போயிருப்பார்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

"படுத்துப் பார்த்த மெத்தையைத் திருப்பி எடுத்தால் நான் அதை யாருக்கு விற்பது? கம்பெனி எடுக்காது" என்று ஒரு கடைக்கார நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. மொத்த வியாபாரியான எனக்கு அந்த நஷ்டம் புரியும். முழு மெத்தையையும் திருப்பி எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அடிமெத்தையைக் கெட்டியாகவும் மேல் விரிப்பைத் தனியாகவும் விற்கப் பழகுங்கள் என்கிறேன். ஒன்று மென்மை, ஒன்று நடுத்தரம் என இரண்டு ரக மேல் விரிப்பைத் துவைக்கக்கூடிய உறை போட்டு மாதிரிச் சரக்காக வைத்துக்கொண்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரம் வீட்டில் போட்டுப் பார்க்கக் கொடுங்கள். பிடித்தால் புதிதாக ஒன்று விற்பீர்கள். பிடிக்காவிட்டால் உறையைத் துவைத்து அடுத்தவருக்குக் கொடுப்பீர்கள். ஒரு வருடத்தில் இரண்டு விரிப்பு தேய்ந்து போனால் அதை விளம்பரச் செலவில் எழுதுங்கள்.

இணையத்தில் மெத்தை விற்கும் கம்பெனிகள் நூறு இரவு படுத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்கின்றன. பெங்களூரில் 2016இல் தொடங்கிய ஒரு கம்பெனி இப்படிச் சொல்லியே நாடு முழுவதும் விற்கிறது. அவர்கள் முதலீடு பெரிது, நம்மால் முடியாது என்பது சரி. ஆனால் மே 5 வணிகர் தின மாநாட்டுக்கு வேன் வைத்துப் போய், ஆன்லைன்காரன் வியாபாரத்தை விழுங்குகிறான் என்று தீர்மானத்துக்குக் கைதட்டிவிட்டு வருகிற நாம், அவன் நூறு இரவு கொடுக்கும் இடத்தில் பத்து நிமிடம்கூடக் கொடுக்கவில்லை என்பதை எண்ணிப் பார்த்தோமா? அவனால் செய்ய முடியாத ஒன்று நம்மால் முடியும். வந்து நிற்கிற ஆளை நேரில் பார்க்கிறோம். குண்டா ஒல்லியா, நடக்கும்போது இடுப்பைப் பிடிக்கிறாரா என்பது கண்ணுக்குத் தெரிகிறது. "யார் படுக்கப் போகிறார்கள் அம்மா? எப்படிப் படுப்பீர்கள்? எங்கே வலி?" என்று வாய் திறந்து கேட்டால் போதும். கம்ப்யூட்டருக்கு இல்லாத வசதி அது.

அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் இதைப் பேச அனுமதி கேட்டுச் செயலாளருக்கு எழுதியிருக்கிறேன். மெத்தை, கட்டில் வியாபாரம் செய்யும் நண்பர்கள் அன்று அவசியம் வரவேண்டும். மேல் விரிப்பை மாதிரிக்குக் கொடுத்தால் மாதம் எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டு எடுத்து வந்தால் நல்லது. நான்கைந்து கடைக்காரர்கள் சேர்ந்து முதல் இரண்டு விரிப்புகளைப் பொதுவில் வாங்கிச் சுற்றில் விட முடியுமா என்பதையும் அன்று பேசலாம். முடியும் என்றால் முதல் விரிப்புக்கான தொகையை நான் தருகிறேன். கூட்டத்துக்கு வீட்டு அம்மாள்களையும் அழைத்து வாருங்கள். இந்த ஒரு விஷயத்திலாவது அவர்கள் பேசி நாம் கேட்கலாம்.